கிணற்றைச் சுற்றி எட்டுப் பலகை

என் மச்சான் சவூதியிலிருந்து திரும்பியபோது தங்கமோ டேப் ரெக்கார்டரோ கொண்டுவரவில்லை. கனமான ஒரு மின்சார ரம்பமும், ஆள் உயரத்தைவிட நீளமான ஓர் அலுமினியப் பட்டையும் கொண்டுவந்தான். அவன் வேலை பார்த்த தச்சுக்கூடத்தை மூடும்போது பழைய சாமான்களை எடுத்துப் போகச் சொன்னார்களாம். மற்றவர்கள் ஏர்கூலரைத் தூக்கியபோது இவன் இதைத் தூக்கியிருக்கிறான். பம்பாயில் சுங்கக்காரர்களிடம் அது ஜன்னலுக்கான பட்டை என்று சொல்லித் தப்பித்து, ரயில் மாறி மாறிப் பொம்மிடியில் வந்து இறங்கினான். அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி, ஒரு வாரம் அவனோடு சரியாகப் பேசவில்லை.

தருமபுரியில் எனக்கு ஏற்கெனவே தச்சுக் கடை இருந்தது. எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்த வருஷங்கள் அவை. அவனும் வந்து சேர்ந்துகொண்டான். அந்தப் பட்டையின் மேல் நீளவாக்கில் ஒரு மேடு உண்டு. ரம்பத்தின் அடித்தகட்டில் அதற்கேற்ற பள்ளம். இரண்டும் பொருந்திவிட்டால் ரம்பம் இடம் வலம் அசையாமல் நேர்கோட்டில் ஓடும். நாங்கள் அதைத் தண்டவாளம் என்றே சொல்லி வந்தோம். ரம்பத்தைச் சாய்த்துப் பூட்டவும் முடியும். சாய்த்து ஓட்டினால் பலகையின் விளிம்பு சரிவாக அறுபடும். அப்படிச் சரிவாக அறுத்த இரண்டு பலகைகளை ஒட்டினால், மூலையில் கோடு மாதிரி ஒரு இணைப்பு மட்டும்தான் தெரியும்.

கையால் அப்படி அறுத்து இழைக்க எனக்கு ஒரு நாள் பிடிக்கும். அவன் டீ ஆறுவதற்குள் அறுத்துவிடுவான். ஊரில் இந்தப் பேச்சு பரவியது. அதைக் கேட்டுத்தான் மாரண்டஹள்ளியிலிருந்து அந்தத் தக்காளி வியாபாரி வந்தார்.

நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கலைந்த தலை. கடைக்குள் வந்தவர் உட்காரவில்லை.

"பாய், கெணத்துக்கு ஒரு மரப்பொட்டி போடணும். சுத்தியும் அடைச்சு, மேலயும் மூடி. காத்து கூடப் போவக் கூடாதுங்க."

"கிணறு எங்க இருக்கு? தோட்டத்துலயா?"

"வூட்டுக்குள்ள."

"கொத்தனாரை வெச்சு சிலாப்பு போட்டு மூடிடலாமே. எதுக்கு மரம்?"

அவர் கொஞ்ச நேரம் எங்கள் ரம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சிமெண்டுல மூடுனா மூடுனதுதானே பாய். மறுபடி தெறக்கணும்னு தோணுச்சுன்னா?" என்றார்.

மறுநாள் அவருடைய காலி லாரியில் அளவெடுக்கப் போனோம். பழைய ஓட்டு வீடு. சமையலறைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு கூடம். அதன் நடுவில் கிணறு. வாய் எட்டுப் பட்டையாகக் கல்லில் கட்டியிருந்தது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. எட்டிப் பார்த்தால் கல் அடுக்குகள் கீழே போகப் போக இருட்டுக்குள் மறைந்தன. தண்ணீர் வற்றிப்போனதால் வியாபாரி கிணற்றுக்கு அடியிலேயே போர் போட்டிருக்கிறார். எவ்வளவு ஆழம் போயும் ஈரம்கூட வரவில்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்றார்.

"என்ன ஆரம்பிச்சுது?" என்று மச்சான் கேட்டான்.

வியாபாரியின் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் உள்ளே போய் ஒரு துண்டுக் காகிதம் எடுத்துவந்து மச்சான் கையில் கொடுத்தார். "கெணத்து மேல காட்டுங்க" என்றார்.

மச்சான் காகிதத்தை நீட்டிப் பிடித்தான். முற்பகல், கூடத்தில் துளிக் காற்று இல்லை. ஆனால் காகிதத்தின் நுனி மெதுவாகக் கீழ்ப்பக்கம் வளைந்தது. உள்ளிருந்து யாரோ உறிஞ்சுவது மாதிரி. அவன் விரலைத் தளர்த்தியதும் காகிதம் பறக்கவில்லை, நேராக உள்ளே போனது.

"இப்ப உள்ள இழுக்குது. மத்தியானத்துக்கு மேல வெளிய விடும்" என்றார் அந்த அம்மாள். சாப்பாட்டு நேரம் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அளவெடுத்து முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த என் முகத்தில் ஈரமான காற்று பட்டது. மண் வாசனையோடு இன்னொரு வாசனையும், பூட்டியிருந்த அறையைத் திறந்த மாதிரி. நான் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டேன். பூமிக்குள் காற்று ஏறி இறங்குவது இயற்கைதான், சவூதியில் பாலைவனக் கிணறுகளில் அப்படி உண்டு என்று கேள்விப்பட்டிருப்பதாக மச்சான் திரும்பி வரும்போது சொன்னான். சொல்லிவிட்டு வழியெல்லாம் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான்.

எட்டுப் பட்டைப் பெட்டி என்றால் எட்டுப் பலகை, பதினாறு சரிவு விளிம்பு. ஒவ்வொரு விளிம்பும் இருபத்திரண்டரை டிகிரி. கேட்க எளிது. ஒரு விளிம்பில் கால் டிகிரி தவறினால் கண்ணுக்குத் தெரியாது. பதினாறு விளிம்பிலும் அதே கால் டிகிரி தவறினால் எல்லாம் சேர்ந்து கடைசி இணைப்பில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். ரம்பத்தில் பொறித்திருக்கும் டிகிரிக் கோட்டை மச்சான் நம்பமாட்டான். வீணான துண்டுகளில் எட்டுக் குட்டிப் பலகை அறுத்து, டேப் ஒட்டி வளையமாக்கி, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பான். எங்காவது வெளிச்சம் கசிந்தால் ரம்பத்தின் சாய்வை மயிரிழை மாற்றி, மறுபடி எட்டு.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ரம்பத்தைச் சாய்த்தால் அதன் பாரம் ஒரு பக்கமாகத் தொங்கும். தண்டவாளத்தை விட்டு எழும்பப் பார்க்கும். அதனால் ஒரு கையால் அடித்தகட்டைத் தண்டவாளத்தின் மேல் அமுக்கிக்கொண்டே, மறு கையால் நிதானமாகத் தள்ள வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கருகிய கோடு விழும். தண்டவாளமும் மெல்ல நகரும் என்பதால் இரு முனையிலும் கிளாம்பு போட்டு இறுக்குவது என் வேலை. பட்டைக்கு அடியில் ஒரு சிட்டிகை மரத்தூள் இருந்தாலும் கோடு விலகிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் நான் துணியால் துடைப்பேன், அவன் மறுபடியும் ஊதுவான்.

தண்ணீர் தாங்கும் தடித்த பிளைவுட்டில் எட்டும் அறுத்து, கடையிலேயே வட்டமாக நிறுத்தி, கயிறு கட்டி முறுக்கிப் பார்த்தோம். பெட்டிக்குள் ஒரு பல்பைப் போட்டோம். எட்டு மூலையிலும் வெளிச்சம் தெரியவில்லை. எங்கள் வேலையை நாங்களே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம்.

ரம்பம், தண்டவாளம், பலகைகள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி மாரண்டஹள்ளிக்குக் கொண்டுபோனோம். காலையில் ஆரம்பித்து, கைப்பிடிச் சுவருக்கு வெளியே பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பசை தடவி இறுக்கினோம். மார்பு உயரம் வந்தது. கூடத்துத் தரை தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் சரிந்திருந்ததை நாங்கள் கட்டைவைத்துச் சமன் செய்திருந்தோம். அப்படியும் பெட்டி துளி முறுக்கிக்கொண்டது. ஏழு இணைப்பும் கோடு மாதிரி நின்றன. எட்டாவது மட்டும் கீழே பொருந்தி, மேலே போகப் போக ஒரு நகம் நுழையும் அளவுக்கு விலகி நின்றது.

"மூடியைப் போட்டுப் பார்ப்போம். பாரத்துல அமுங்கிக்கும்" என்றேன்.

மூடியைத் தூக்கிவைத்தோம். அப்போது மதியம் திரும்பியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த இடுக்கிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. முதலில் சீழ்க்கை மாதிரி மெல்லியது. அது தணிந்து, தடித்து, தொண்டையிலிருந்து வரும் குரலாக மாறியது. ஒரு தடவை ஏறி, நீண்டு, இறங்கியது.

இதை எழுதும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டதைச் சொல்ல வேண்டும். அது ஓர் ஆண் குரல். "ண்ணா" என்றது. நிறுத்தி, மறுபடி, "ண்ணா".

இத்தனை நாளும் அந்தக் கிணறு மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு வாய் வைத்துக் கொடுத்தது எங்கள் பெட்டி.

வியாபாரி கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி ஓடிவந்து முந்தானையைச் சுருட்டி அந்த இடுக்கில் திணித்தார். சத்தம் நின்றது. துணி மட்டும் உப்பி உப்பி அடங்கியது.

"இவரோட தம்பிங்க" என்றார் அந்த அம்மாள், இடுக்கைக் கையால் பொத்திக்கொண்டே. "போர் போட்ட பின்னாடி, உள்ள என்ன ஆச்சுன்னு பாக்கக் கயித்தப் புடிச்சு எறங்குனாரு. பாதியில அண்ணான்னு ஒரு குரல் குடுத்தாரு. இவரு மேலதான் நின்னாரு. கயித்த இழுத்தா வெறும் கயிறு வந்துச்சு."

கீழே கெட்ட காற்று என்று பிறகு ஆட்கள் வந்து சொன்னார்களாம். உடலை எடுத்துத் தகனமும் செய்தாயிற்று. அதை ஏன் எங்களிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் வந்திருக்கமாட்டோம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"இது விசில்தாங்க. இடுக்குல காத்துப் போனா அப்படித்தான் கேக்கும். அதை நான் அடைச்சுத் தர்றேன்" என்று மச்சான் சொன்னான். அவன் முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரலை உறுதியாக வைத்துக்கொண்டான்.

பசை காய்வதற்குள் எட்டாவது பலகையைக் கழற்றினோம். முறுக்கிக்கொண்ட இடத்துக்குத் தகுந்தபடி புதிய பலகை அறுக்க வேண்டும். அதற்கு உள்பக்கக் கோட்டைக் குறிக்க வேண்டும். மூடியை நாங்கள் இறக்கவில்லை. நான் புதுப் பலகையின் மேல் தண்டவாளத்தை வைத்துக் கிளாம்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் பென்சிலோடு அந்தத் திறப்பில் தலையையும் தோளையும் நுழைத்து, கைப்பிடிச் சுவரின் மேல் வயிற்றை வைத்துக் குனிந்து, உள்ளே கோடு போட்டான்.

பென்சில் கல்லில் பட்டுப் பட்டுக் கீழே விழும் சத்தம் கேட்டது. கை நழுவிவிட்டது என்று நினைத்தேன்.

"பாய்! அவரப் புடிங்க!" என்று அந்த அம்மாள் அலறினார்.

திரும்பிப் பார்த்தபோது மச்சானின் கால்கள் தரையை விட்டுக் கிளம்பியிருந்தன. அவன் சத்தமே இல்லாமல், கூரையிலிருந்து பூனை இறங்குவது போல, உள்ளே வழிந்துகொண்டிருந்தான். நான் பாய்ந்து அவன் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்தேன். பாரம் என்னையும் சேர்த்து இழுத்தது. என் நெற்றி பலகை விளிம்பில் மோதியது. அந்தக் காற்று என் மூக்கிலும் ஏறியது. நாற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் எவ்வளவு இழுத்தாலும் மூச்சு நிறையவில்லை. கை தளரப் போகிறது என்று தெரிந்த நேரத்தில் பாரம் திடீரென்று குறைந்தது. நான் அவனோடு பின்னால் விழுந்தேன். என் மேல் அவன்.

வாசலுக்குத் தூக்கிப் போய்க் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்தோம். உதடு நீலமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இருமினான், எழுந்து உட்கார்ந்தான், டீ கேட்டான். வியாபாரி அவன் காலருகே உட்கார்ந்து, "வேணாம் பாய், அப்படியே வுட்டுடுங்க, வேணாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மச்சான் விடவில்லை. மறுநாள் முற்பகலில், கிணறு மூச்சை உள்ளே இழுக்கிற நேரமாகப் பார்த்து வேலையைத் தொடர்ந்தோம். மூடியை இறக்கிவைத்துவிட்டோம். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தூணில் சுற்றியிருந்தேன். புதிய பலகையை அறுக்கும்போது ரம்பத்தை நானே அமுக்கிப் பிடித்தேன், அவன் தள்ளினான். இரண்டு பேர் ஒரு ரம்பத்தை ஓட்டுவது சரியான முறை இல்லை. அன்று எங்கள் இருவருக்கும் தனியாக எதையும் செய்யப் பிடிக்கவில்லை. பலகை போய் உட்கார்ந்தபோது 'டப்' என்று ஒரு சின்ன ஒலி. அதன் பிறகு இணைப்பைத் தடவிப் பார்த்தால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூடியை மறுபடி ஏற்றி இறுக்கினோம், அடியில் கொத்தனார் சிமெண்டு பூசினார். மதியம் திரும்பும் வரை எல்லோரும் காத்திருந்தோம். பெட்டி அமைதியாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மச்சான் என் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"மச்சான், நேத்து நீங்க என்னை எங்க புடிச்சீங்க?"

"பெல்ட்டுல."

"நெஞ்சுல கை வைக்கலையா?"

"நான் உன் முதுகுப் பக்கம் நின்னேன்டா. நெஞ்சுல எப்படி வைப்பேன்?"

அவன் சட்டையின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக் காட்டினான். "இங்க ரெண்டு கை இருந்துச்சு. கீழ இருந்து. மேல தள்ளுச்சு."

பாலக்கோட்டில் கூட்டம் ஏறியது. அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் காலை வியாபாரியின் மனைவி தனியாக எங்கள் கடைக்கு வந்தார். நாற்காலி போட்டேன், நுனியில் உட்கார்ந்தார்.

"பொட்டி நல்லா இருக்குதுங்க. சத்தம் ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அது இப்ப எங்க ரூமுக்கு வந்துடுச்சுங்க."

பெட்டி இறுக மூடியதும் கிணற்றின் மூச்சு வேறு வழி தேடியிருக்கிறது. படுக்கையறைச் சுவரோரம் ஒரு பழைய எலி வளை. மத்தியானமானால் அதிலிருந்து ஈரமாகக் காற்று வருகிறதாம். கட்டிலுக்கு அடியில் கூடையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்திருக்கிறது. முந்தின நாள் குனிந்து பார்த்தால், கோழி கண்ணைத் திறந்தபடி, முட்டைகள் மேல் உட்கார்ந்த வாக்கிலேயே செத்துப்போயிருந்தது. விளக்கேற்றிக் கட்டிலுக்கு அடியில் காட்டினால் சுடர் சுருங்கி அணைந்துவிட்டதாம்.

"அவரு அந்தக் கட்டில்லதான் மத்தியானம் படுப்பாரு. நேத்து எழுப்ப எழுப்ப எந்திரிக்கல. எந்திரிச்சதும் சிரிக்கிறாரு. தம்பி கூடப் பேசிட்டு இருந்தேன், ஏன் எழுப்புனன்னு கேக்கறாரு."

நாங்கள் கடையைப் பூட்டிவிட்டு அவரோடே கிளம்பினோம்.

அந்தப் பெட்டியை நாங்கள் எவ்வளவு கவனமாக மூடினோமோ, அந்தக் கவனமே அந்த வீட்டில் ஓர் உயிரை எடுத்திருக்கும். மூச்சுக்கு வழி விட்டாக வேண்டும், ஆனால் அது வீட்டுக்குள் போகக் கூடாது. மச்சான் மூடியின் நடுவில் கை ரம்பத்தால் வட்டமாக ஓட்டை அறுத்தான். அகலமான சிமெண்டுக் குழாயை அதில் நிறுத்தி, ஓடுகளைப் பிரித்து, கூரைக்கு மேலே மார்பு உயரம் கொண்டுபோனோம். குழாய் அகலமாக இருந்ததால் சீழ்க்கை வராது. எலி வளையைக் கொத்தனார் அடைத்தார். அன்றே அவர்கள் கட்டிலை வேறு அறைக்கு மாற்றினார்கள்.

மத்தியானம் திரும்பியதும் வியாபாரி ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினார். என்ன செய்யப் போகிறாரோ என்று மச்சானும் பின்னாலேயே ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அங்கிருந்து அவர்கள் பேசுவது கேட்டது.

"நான் ஒடனே கயித்த இழுக்கல பாய்" என்றார் வியாபாரி. "புடிச்சிட்டுத்தான் இருந்தேன். அவன் கூப்பிட்டப்ப இன்னும் கொஞ்சம் எறங்கு, எறங்குன்னு சொன்னேன். வெளையாடறான்னு நெனச்சேன்."

மச்சான் பஸ்ஸில் என்னிடம் சொன்னதை அவரிடம் சொன்னான். இரண்டு உள்ளங்கை, நெஞ்சில், கீழேயிருந்து மேலே. தன் மார்பிலேயே வைத்துக் காட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் வியாபாரி, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. கோவமா இல்லீங்க. தூக்கிவிடற மாதிரி."

அவர் அழுதது கீழே நின்ற எனக்குக் கேட்டது. சமையலறை வாசலில் அவருடைய மனைவியும் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அழுகை ஓய்ந்த பிறகு நானும் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தேன். வியாபாரி குழாய் வாயில் கையை விரித்து வைத்திருந்தார். மறு கையால் மச்சானின் கையை இழுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"சூடா இருக்குது பாருங்க" என்றார்.

மார்கழி வெயில், மேலே நல்ல குளிர்காற்று. மச்சான் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். ஆமாம் என்று தலையாட்டினான்.

அதற்கு அடுத்த வருஷம் நல்ல மழை. ஏரி நிறைந்து, ஊரில் எல்லாக் கிணறும் ஊறின. அந்தக் கிணற்றிலும் போர்க் குழி தண்ணீருக்குள் மூழ்க, மூச்சு நின்றுவிட்டது. வியாபாரி ஆள்விட்டுச் சொல்ல, நாங்கள் போய்ப் பெட்டியை உடைத்து எடுத்தோம். உள்ளே தண்ணீர் தெளிவாக, வெகு மேலே வந்து நின்றது. அவர்கள் வீட்டில் யாரும் அதைக் குடிக்கவில்லை. மோட்டார் வைத்து இறைத்துத் தக்காளி நாற்றுக்கு விட்டார்கள். அந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று கேட்டதற்கு அந்த அம்மாள், "காய்ச்சுதுங்க, நல்லாத்தான் காய்ச்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.